வரி கட்டச் சொல்லும் கடிதம்: மிரட்டலா, நன்றியா, வெறும் நினைவூட்டலா?

வரி நோட்டீஸ் என்றால் ஒரே தொனிதான் நினைவுக்கு வரும்: இத்தனை ரூபாய் பாக்கி, இந்தத் தேதிக்குள் கட்டாவிட்டால் ஜப்தி. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு அது பழகிப்போனது. தொனியை மாற்றினால் வசூல் கூடுமா என்று சில ஏழை நாடுகள் உண்மையிலேயே சோதித்துப் பார்த்திருக்கின்றன.

மிரட்டலை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் தணிக்கை வரும் என்று எச்சரித்த கடிதம், வணிகர்கள் காட்டிய லாப வரியை 38 சதவீதம் உயர்த்தியது. அதே சோதனையில் வரியின் அவசியத்தைப் பக்குவமாக எடுத்துச் சொன்ன கடிதமும் 32 சதவீதம் உயர்த்தியது. இந்தச் சிறு வித்தியாசத்துக்காக ஊரைப் பகைத்துக்கொள்ள வேண்டுமா? அர்ஜென்டினாவின் ஹூனின் நகரில் நிலைமை வேறு. அங்கே சொத்து வரிச் சீட்டில் அபராதத்தையும் சட்ட நடவடிக்கையையும் அச்சிட்டபோது, கட்டியவர்களின் பங்கு ஏறக்குறைய 5 சதவீதப் புள்ளி கூடியது. நியாயம் பேசிய வாசகங்கள் சராசரியில் எதையும் அசைக்கவில்லை. அர்ஜென்டினா ஏழை நாடல்ல, அது இருக்கட்டும். மிரட்டல் எடுபட வேண்டுமானால் கடிதத்துக்குப் பின்னால் ஆள் வரவேண்டும். ஆள் வராத ஜப்தி நோட்டீஸை மூன்றாம் முறை யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்?

எனக்கு ருவாண்டாதான் முக்கியமாகப் படுகிறது. அங்கே அபராத எச்சரிக்கை, 'உங்கள் வரியால் இன்னின்ன சேவை நடக்கிறது' என்ற விளக்கம், வெறும் நினைவூட்டல் ஆகிய மூன்றையும் கடிதம், மின்னஞ்சல், குறுஞ்செய்தி என மூன்று வழிகளில் அனுப்பினார்கள். விளக்கமும் நினைவூட்டலும் எச்சரிக்கையை முந்தின. காகிதக் கடிதத்தைவிடக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் நன்றாக வேலை செய்தன, செலவும் சொற்பம். வரி ஏய்ப்பவர் என்று நாம் முத்திரை குத்துகிறவர்களில் பலர் தேதியை மறந்தவர்கள்தான் போலிருக்கிறது.

ஆனால் சேவையை எடுத்துச் சொல்லும் செய்தி உண்மையாக இருக்க வேண்டும். மழை மறைவுப் பகுதியான நம் கிழக்கு ஓரத்தில், ஆழியாற்றுத் தண்ணீருக்கு ஆண்டுதோறும் வாய் பார்த்து நிற்கும் ஊரில், 'உங்கள் வரியால் குடிநீர்' என்று மே மாதத்தில் செய்தி வந்தால் வரி வராது, வசவுதான் வரும். தெருவிளக்கு எரிகிறதென்றால் தெருவிளக்கைச் சொல்லலாம்.

'உங்கள் அயலார் கட்டிவிட்டார்கள்' என்ற வகை பிரிட்டனில் பேர்பெற்றது. பத்தில் ஒன்பது பேர் கட்டும் நாட்டில் அது சரி. கட்டாதவர்களே அதிகமுள்ள ஊரில் இதைச் சொன்னால் பொய்யாகும், மெய்யான கணக்கைச் சொன்னால் கட்டுகிறவரும் நிறுத்திவிடுவார்.

இவற்றுக்கெல்லாம் போட்டியாக இன்னொரு வழி உண்டு: கடிதமே வேண்டாம், தெரிந்த முகத்தை அனுப்புவது. காங்கோவின் கனங்கா நகரில் அரசு ஊழியருக்குப் பதிலாகப் பகுதித் தலைவர்கள் வீட்டு வரி வசூலித்தபோது வருவாய் 44 சதவீதம் கூடியது. எந்த வீட்டில் கொடுக்க முடியும் என்று அவர்களுக்குத் தெரியும். லஞ்சமும் கூடியது என்பதை மறைக்கக் கூடாது. கேரளத்தில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதந்தோறும் வாசலுக்கு வந்து பிளாஸ்டிக் குப்பையை எடுத்துக்கொண்டு கட்டணம் வாங்கிப்போகிறார்கள். முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனாலும் வேலை கண்முன்னே நடக்கிறது. எந்த வாசகமும் இதற்கு ஈடாகாது. என்ன, கட்டிட வரிக்கு இப்படி வாசல் வாசலாக ஆள் அனுப்பக் கட்டுப்படியாகாது.

ஆகவே என் ஓட்டு குறுஞ்செய்திக்கு, அதுவும் தமிழில். கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழில் எழுதிக் கேட்டால் அரசு தமிழில் பதில் தர வேண்டும் என்கிறது. கேட்காமல் அனுப்பும் செய்தியையும் அப்படியே அனுப்பிவிட்டால் என்ன? இவ்வளவு போதும்: 'உங்கள் வீட்டு எண் இன்னது. இந்த அரையாண்டு வரி இத்தனை ரூபாய், கடைசி நாள் இன்ன தேதி. போன ஆண்டு உங்கள் வார்டில் இந்தச் சாலை போடப்பட்டது. கட்ட இங்கே தொடுங்கள்.' தேதி தாண்டிய பிறகு, அதுவும் ஆள் அனுப்பத் தெம்பிருந்தால் மட்டும், அபராதப் பேச்சை எடுக்கலாம்.