எம்-சாண்ட்ல வீடு கட்டுறோம்: முதல் லோடு சொதப்பல், ரெண்டாவது ஓகே

ஆத்து மணல்தான் வேணும்னு அப்பா ஒத்தக்கால்ல நின்னாரு, லோடு ரேட்ட கேட்டதும் அவரே சரி எம்-சாண்டே (பாறைய நொறுக்கி செய்யற மணல்) போடுப்பான்னுட்டாரு.

முதல்ல வாங்குன கடை பேர் வேணாம். ராத்திரி பத்து மணிக்கு வந்து கொட்டிட்டு போய்ட்டாங்க, காலைல மேஸ்திரி ஒரு பிடி அள்ளி தேச்சு பாத்துட்டு "தம்பி, இது மணலே இல்ல, கிரஷர் டஸ்ட்டு"ங்கறாரு (கல்லு நொறுக்கறப்ப மிஞ்சுற தூசி), உள்ளங்கை பூரா மாவு மாதிரி ஒட்டிருக்கு. கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி ஒரு கை போட்டு கலக்கி வச்சோம், அரை மணி நேரமாகியும் தண்ணி தெளியல. கான்கிரீட் மணல், ஜல்லிக்கான இந்திய தர விதி ஐஎஸ் 383 படி நொறுக்கின மணல்ல 75 மைக்ரானுக்கு கீழ உள்ள தூசி 15 சதவீதம் வரைக்கும்தான் இருக்கலாம். டம்ளர் டெஸ்ட் லேப் கணக்கு இல்லதான், ஆனா ஏமாந்தது தெரிய அது போதும்.

ரெண்டாவது லோடுக்கு நானே கிரஷருக்கு போனேன். விஎஸ்ஐ மெஷின்ல (கல்ல வேகமா மோத விட்டு ஒடைக்கிற மெஷின்) அடிச்சு, கழுவி, டெஸ்ட் சர்டிபிகேட்டோட குடுத்தாங்க. கான்கிரீட்டுக்கு அருமை, மேஸ்திரி வாயில இருந்து குறையே வரல (அதுவே அதிசயம்). ஆத்து மணல் மாதிரி உருண்டையா இல்லாம முனையா இருக்கறதால தண்ணி கொஞ்சம் கூட கேக்கும், அவ்ளோதான். பூச்சு வேலைக்கு இத போடாதீங்க, பி-சாண்ட் (பூச்சுக்குன்னே வர்ற நைஸ் மணல்) தனியா வாங்குங்க.

ஒண்ணு சொல்லியே ஆகணும். பில்லுல பச்ச இலை படம் போட்டு 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது'ன்னு அடிச்சிருக்காங்க, ஆனா குவாரிக்கு போற வழியில வேப்பமரமே சாம்பல் கலர்லதான் நிக்குது. குழிய எட்டி பாத்தேன், பக்கமெல்லாம் படியா சரிவா எதுவும் இல்ல, செவுரு மாதிரி நேரா எறங்குது. அடியில ஊறுற தண்ணிய மோட்டார் போட்டு வெளிய தள்ளிக்கிட்டே இருக்காங்க. டீக்கடை அக்கா சொன்னாங்க, "அது எங்க கெணத்து தண்ணி தம்பி, இப்ப கெணறு காஞ்சு கெடக்கு"ன்னு. ஆத்துலயாச்சும் வெள்ளம் வந்தா கொஞ்சம் மணல் திரும்ப சேரும், மலைய வெட்டினா வெட்டினதுதான். கல்லு எடுத்து முடிச்சப்பறம் இந்த குழிய என்ன பண்ணுவீங்கன்னு குவாரி ஆபீஸ்ல கேட்டா, அங்க இருந்தவரு மீன் வளக்கலாம் சார்ங்கறாரு, சிரிக்காம.

மணலுக்கு 4/5. அந்த இலை படத்துக்கு 0.

வாங்குறவங்க லோட ராத்திரில எறக்க விடாதீங்க, டிரைவர் எவ்ளோ அவசரப்பட்டாலும் ஒரு டம்ளர் தண்ணில கலக்கி பாத்துட்டு அப்பறம் கொட்ட சொல்லுங்க.