பயிர் வட்டமும் சர்ரியலிச ஓவியமும்: ஒப்புமை எங்கே இருக்கிறது?

ஆங்கிலேய ஓவியர் பால் நாஷ் 1933-இல் வில்ட்ஷயரில் உள்ள ஏவ்பரிக்குச் சென்று, அங்கு வட்டமாக நிற்கும் தொல்கற்களைக் கண்டு வியந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் தீட்டிய ஓவியத்தில் அந்தக் கற்கள் இல்லை. திறந்த வயல்வெளியில் உருளைகளும் கட்டம் போட்ட பலகையும் யாரோ வைத்துவிட்டு மறந்துபோனவை போலக் கிடக்கின்றன. 1936-இல் லண்டனில் நடந்த பன்னாட்டு சர்ரியலிசக் கண்காட்சியின் அமைப்புக் குழுவிலும் நாஷ் இருந்தார். அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, ஏவ்பரியைச் சுற்றியுள்ள அதே வயல்களில் கோடைதோறும் பயிர் வட்டங்கள், அதாவது பயிரைச் சாய்த்து உண்டாக்கிய வடிவங்கள், இரவோடிரவாகத் தோன்றத் தொடங்கியபோது, நிலத்தின் மீது வரையப்பட்ட சர்ரியலிசம் என்று அவற்றை அழைக்கத் தோன்றியதில் வியப்பில்லை. அந்தப் பெயர் எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பதை இங்கே உரசிப் பார்க்கலாம்.

முதலில் செய்முறை. சர்ரியலிச இயக்கத்தைத் தொடங்கிய கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1924-இல் வெளியிட்ட அறிக்கை, பகுத்தறிவின் கண்காணிப்பு சற்றும் இல்லாமல் மனம் தானாக இயங்குவதையே சர்ரியலிசம் என வரையறுத்தது. ஓவியர் ஆந்த்ரே மாஸோன் அதை எழுத்துக்கு எழுத்து நம்பியவர். துணியில் பசையைத் தடவி, மணலைக் கொட்டி உதறி, ஒட்டிக்கொண்ட மணல் காட்டிய வழியில் கோடுகளை ஓடவிட்டார். இதற்கு நேர்மாறாக, சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த டக் பவரும் டேவ் சார்லியும் 1970-களின் பிற்பகுதியில் ஒரு பலகை, கயிறு, தொப்பியில் பொருத்திய கம்பி வளையம் ஆகியவற்றுடன் பயிர் வட்டம் போட வயலில் இறங்கினர். நேர்கோட்டில் நடப்பதற்குக் குறிபார்க்கும் கருவி அந்த வளையம். வடிவத்தை முன்கூட்டியே தாளில் வரைந்துகொள்வதும், பூச்சிமருந்து தெளிக்கும் டிராக்டரின் தடங்கள் வழியே சுவடின்றி நுழைவதும் இத்தொழிலின் வழக்கம். 2001 ஆகஸ்டில் மில்க் ஹில் குன்றின் மேல் தோன்றிய ஆறு கைகள் கொண்ட சுருளில் 409 வட்டங்கள் இருந்தன. அதன் குறுக்களவு ஏறத்தாழ 240 மீட்டர். அளவுகோலும் கணக்கும் இல்லாமல் அதில் ஒரு வட்டம்கூட அதன் இடத்தில் விழுந்திருக்காது. செய்முறையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால், பயிர் வட்டம் சர்ரியலிசத்தின் வாசலிலேயே நின்றுவிடும்.

சர்ரியலிச ஓவியர் மாக்ஸ் ஏர்ன்ஸ்டின் தேய்ப்பு முறையை இங்கே சிலர் துணைக்கு அழைக்கக்கூடும். 1925 ஆகஸ்டில் பிரான்சின் கடற்கரை விடுதி ஒன்றில், தேய்ந்துபோன மரத்தரையின் மீது தாளை விரித்துக் கரிக்கோலால் தேய்த்தபோது, பலகையின் வரிகளிலிருந்து காடுகளும் பறவைகளும் எழுந்து வந்தன. பலகையால் அழுத்திக் கோதுமைத் தாள்களைச் சாய்க்கும்போதும், அழுத்தத்திலிருந்தே உருவம் பிறக்கிறது; தாள்கள் சாய்ந்த திசைக்கேற்ப ஒளி பட்டு, ஒரே வயல் இரண்டு நிறமாகத் தெரிகிறது. கண்ணுக்கு இனிய ஒப்புமைதான், ஆனால் மேலோட்டமானது. ஏர்ன்ஸ்டுக்கு என்ன உருவம் வரும் என்பதில் அந்தத் தரைக்கும் ஒரு பங்கு இருந்தது, கோதுமைக்கோ சொன்னபடி படுப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

உண்மையான ஒப்புமை பார்ப்பவர்களின் பக்கம் இருக்கிறது. சர்ரியலிச ஓவியர் சால்வடோர் டாலி தனது முறைக்குச் சித்தப்பிரமையின் பெயரையே சூட்டினார்; தொடர்பற்ற பொருள்களுக்கிடையே தொடர்பைக் கண்டே தீரும் மனநிலையை வேண்டுமென்றே வரவழைத்து, ஒரே உருவத்தில் இரண்டு உருவங்களைக் காண்பது அதன் சாரம். 1937-இல் அவர் தீட்டிய ஏரியில் அன்னங்களின் நிழல் யானைகளாகத் தெரிகிறது. டாலி பயிற்சி செய்து அடைந்த அந்த மனநிலையை வில்ட்ஷயருக்கு வந்தவர்கள் எந்தப் பயிற்சியும் இன்றி அடைந்தார்கள். ஒரே வட்டத்தில் ஒருவர் வேற்றுக்கிரகக் கலத்தின் தடத்தைக் கண்டார், இன்னொருவர் பூமித்தாயின் எச்சரிக்கையைக் கண்டார். வானிலை ஆய்வாளர் டெரன்ஸ் மீடனோ மின்னூட்டம் பெற்ற சுழற்காற்றே காரணம் என்று விளக்கினார்.

இந்த விளக்கத்துக்குக் கிடைத்த மறுமொழிதான் என்னை மிகவும் கவர்ந்த பகுதி. சுழற்காற்று வட்டம் போடலாம், நேர்கோடு போடுமா? பவரும் சார்லியும் தங்கள் வடிவங்களில் நேர்கோடுகளைச் சேர்த்தது அந்தக் கோட்பாட்டைக் கவிழ்ப்பதற்காகவே என்று பின்னர் கூறினர். வயலில் புதிய வடிவம் வந்ததும் விளக்கங்களும் புதிதாகச் சிக்கலாகின. அவற்றுக்கு எதிர்வினையாக வடிவம் மேலும் சிக்கலானது. பாரிஸில் 1925 வாக்கில் சர்ரியலிஸ்டுகள் விளையாடிய ஒரு விளையாட்டு இதற்கு மிக நெருக்கமானது. ஒருவர் தலையை வரைந்து தாளை மடித்துக் கொடுப்பார். அடுத்தவர் அதைப் பார்க்காமலே உடலை வரைவார். மூன்றாமவர் கால்களை வரைவார். பிரித்துப் பார்த்தால் யாரும் திட்டமிடாத ஒரு பிராணி நிற்கும். பலகை பிடித்தவர், ஆய்வாளர், நாளேட்டுச் செய்தியாளர் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே பதின்மூன்று பதினான்கு ஆண்டுகள் இந்த மடித்த தாளை வில்ட்ஷயரிலும் ஹாம்ப்ஷயரிலும் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். 1991 செப்டம்பரில் பவரும் சார்லியும் ஒரு நாளேட்டின் முன் உண்மையை ஒப்புக்கொண்டபோதுதான் தாள் பிரிந்தது. அதற்கு முன் அவர்கள் செய்துகாட்டிய ஒரு வடிவத்தை, பயிர் வட்ட ஆய்வில் பெயர்பெற்ற பாட் டெல்கடோ மனிதரால் இயலாதது என்று சான்றளித்திருந்தார். (பவரின் மனைவிக்கு மட்டும் முன்பே ஐயம் எழுந்திருந்தது, காரின் ஓட்டக் கணக்கு ஏன் இவ்வளவு ஏறுகிறது என்று அவர் கேட்டிருக்கிறார்.)

கையெழுத்து விஷயத்தில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. தனிமனித மேதைமையை ஐயுற்ற சர்ரியலிஸ்டுகள் தங்கள் ஓவியங்களில் பொதுவாகப் பெயரெழுதினார்கள். பயிர் வட்டத்துக்கோ பெயர் தெரிந்த நொடியில் மர்மம் போய்விடும், ஆகஸ்டு அறுவடையில் வட்டமும் போய்விடும்.

ஆகவே எது சர்ரியலிசத்துக்கு அருகில் நிற்கிறது என்று கேட்டால், பலரும் வியக்கும் பிற்காலப் பெருவடிவங்களை நான் சுட்ட மாட்டேன். 1996-இல் ஸ்டோன்ஹென்ஜுக்கு எதிரே தோன்றிய, கணிதச் சமன்பாட்டிலிருந்து பிறந்த ஜூலியா கணச் சுருள் அழகானதுதான். ஆனால் அதன் முன் நிற்பவர் செய்தவரின் திறமையை வியக்கிறார், அல்லது வட்டங்களை எண்ணுகிறார். பவரும் சார்லியும் தொடக்கத்தில் போட்ட வெறும் வட்டத்தில் எண்ணுவதற்கு எதுவும் இல்லை. நாஷின் வயலில் கிடக்கும் உருளைகளைப் போல, அங்கே இருப்பதற்குக் காரணமே இல்லாத ஒன்றாக அது விளைந்த கோதுமைக்கு நடுவே கிடந்தது.