விண்டோஸ் 11-க்கு மாறலாமா? ஒரு தட்டச்சுக் கடையின் பாவனை அனுபவம்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திப் பக்கம் தட்டச்சும் அச்சு வடிவமைப்பும் செய்யும் கடை வைத்திருப்பவனுக்கு, தன் கணினியில் யாருடைய பென் டிரைவ் செருகப்படும் என்று தெரியாது. பல்கலைக்கழக மாணவரின் ஆய்வேடு, பிரதேச செயலகத்துக்குப் போகும் விண்ணப்பம், இறந்தவரின் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சிட வேண்டிய கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் எல்லாம் அதில்தான் வரும். கூடவே வைரஸும் வரும். விண்டோஸ் 10-க்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிகின்றன என்று தெரிந்ததும், அந்த நாள் வரும் முன்பே நான் மாறிக்கொண்டதற்கு இதுதான் காரணம். புதிய தளத்தின் அழகில் மயங்கி மாறவில்லை. கந்தோர் மின்னஞ்சலும் பேரப்பிள்ளையின் வீடியோ அழைப்பும் மட்டும் நடக்கும் வீட்டுக் கணினியாக இருந்திருந்தால், இவ்வளவு அவசரப்பட்டிருக்க மாட்டேன்.

பிரதான கணினி எட்டாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் எல்லைக்கோடு அதுதான். ஆனாலும் சோதனை மென்பொருள் முதலில் முடியாது என்றே சொன்னது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் இல்லையாம். உண்மையில் அது தாய்ப்பலகைக்குள் இருந்தது, கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். இன்டெல் பலகைகளில் பிடிடி என்றும் ஏஎம்டி பலகைகளில் எஃப்டிபிஎம் என்றும் எழுதியிருக்கும். அதை இயக்கிவிட்டு மறுபடி சோதித்தால் சம்மதிக்கும். இதைப் பார்க்காமலே கணினியை மாற்றச் சொல்லும் திருத்துநர்கள் உண்டு. அவர்களிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

வேகம் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் எஸ்எஸ்டி இருந்தால் 10-க்கும் 11-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சுழலும் பழைய வன்தட்டில் விண்டோஸ் 11 போடுவது வீண் வேலை. நினைவகம் 4 ஜிபி போதும் என்று எழுதியிருப்பதையும் நம்ப வேண்டாம். வேர்ட், குரோம், ஸ்கேனர் மூன்றும் ஒன்றாகத் திறக்கும் இடத்தில் 8 ஜிபிக்குக் குறைந்தால் மூச்சு வாங்கும்.

எங்கள் தொழிலுக்கு முக்கியமானது எழுத்துரு. பழையதன் மேலேயே மேம்படுத்திய பிரதான கணினியில் ஒரு சிக்கலும் இல்லை. வெறுமையாக்கிப் புதிதாக நிறுவிய மடிக்கணினியில்தான் விஷயம் தெரிந்தது. பல வருடங்களுக்கு முன் லதா எழுத்துருவில் செய்த கல்வெட்டு ஒன்றை மறுபதிப்புக்காகத் திறந்தேன். லதா இல்லாத இடத்தில் நிர்மலா வந்து உட்கார்ந்திருந்தது. எழுத்து தெரிகிறது, படிக்கவும் முடிகிறது. ஆனால் தேவாரத்தின் நாலாம் அடி அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது. படத்துக்குக் கீழே இருக்க வேண்டிய பிறந்த திகதி படத்துக்கு மேலே ஏறி நின்றது. லதாவும் விஜயாவும் விண்டோஸ் 10 காலத்திலேயே விருப்ப அம்சமாக ஒதுக்கப்பட்டவை, 11-இலும் அப்படியே. அமைப்புகளில் விருப்ப அம்சங்கள் பகுதிக்குப் போய்த் தமிழுக்கான துணை எழுத்துருக்களைச் சேர்த்தால் எல்லாம் தன் இடத்துக்குத் திரும்பும். அதற்கு இணைய இணைப்பு வேண்டும் என்பதால், புதிதாக நிறுவியவுடனேயே செய்துவிடுவது நல்லது. வாடிக்கையாளர் முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது செய்யும் வேலை அல்ல அது.

யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துருவான பாமினிக்கு ஒன்றும் ஆகவில்லை. கணினியைப் பொறுத்தவரை அது வெறும் ஆங்கில எழுத்து. ஒற்றுப் புள்ளிக்கு அரைப்புள்ளியைத் தட்டும் அந்தப் பழைய முறை எந்தத் தளத்திலும் ஓடும். எழுத்துருக் கோப்பைப் போட்டால் போதும். ஆனால் தேடல் பெட்டியில் தமிழில் நல்லூர் என்று தேடினால், பாமினியில் தட்டிய கோப்பு எதுவும் அகப்படாது. 10-இலும் இதே கதைதான். யூனிகோடில் எழுத, தமிழ்99, அஞ்சல் ஆகிய விசைப்பலகைகள் விண்டோஸுடனேயே வருகின்றன. பாமினிக்குப் பழகிய விரல்களுக்கு வழமைபோல வெளி மென்பொருள் வேண்டும்.

இன்னொன்று: விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட்டில் நேரடியாக ஓடாத டாஸ் காலத்துக் கணக்கு மென்பொருளை 32 பிட் விண்டோஸ் 10-இல் ஓட்டிக்கொண்டிருக்கும் பக்கத்துக் கடை அண்ணை மாறவில்லை. இணைய வயரைக் கழற்றிவிட்டு அதிலேயே கணக்குப் பார்க்கிறார். அவர் செய்தது சரி.

பணிப்பட்டை நடுவுக்கு வந்ததை இடப்பக்கம் தள்ளிவிடலாம். வலது சொடுக்கில் பாதி வசதிகள் ஒளிந்துகொண்டதற்கு இன்னும் எனக்கு எரிச்சல்தான்.

எரிச்சலை விடப் பயப்பட வேண்டியது வட்டைப் பூட்டிவைக்கும் குறியாக்கம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் வட்டு தானாகவே பூட்டப்படும். பூட்டைத் திறக்கும் 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். இங்கே பல வீடுகளில் கணினி வாங்கிய அன்று கடையில் நிற்கும் தம்பிதான் அவசரத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்து கொடுத்திருப்பார். கடவுச்சொல் யாருக்கும் நினைவில் இருக்காது. நாளைக்குத் தாய்ப்பலகை பழுதானால் கல்யாணப் படங்கள் வட்டில் பத்திரமாக இருக்கும், ஆனால் எவராலும் திறக்க முடியாது. கணக்கை உங்கள் பெயரில் திறவுங்கள். சாவியைத் தாளில் அச்சிட்டு, காணி உறுதி இருக்கும் கோப்பிலேயே வையுங்கள்.

மேம்படுத்தும் அன்று யுபிஎஸ் கட்டாயம். நிறுவல் கோப்பு 5 ஜிபிக்கு மேல் வரும். இரவுநேர டேட்டா மிச்சம் இருப்பவர்கள் அப்போது இறக்கிக்கொள்ளலாம். கைபேசி இணைப்பில் இயங்குபவர்கள் அதை மீற்றர் இணைப்பு என்று குறித்துவைத்தால், மாதாந்த இற்றைப்படுத்தல்கள் பெரும்பாலும் சொல்லாமல் டேட்டாவை விழுங்குவதில்லை. பிடிக்காவிட்டால் பத்து நாட்களுக்குள் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். அதற்குள் உங்கள் அச்சுப்பொறி, ஸ்கேனர் இரண்டையும் சோதித்துவிடுங்கள்.

கடையில் நாலாம் தலைமுறைக் கணினி ஒன்றும் இருக்கிறது. அதற்கு 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்ற நான் சம்மதிக்கவில்லை. ஏற்றினாலும் இற்றைப்படுத்தல்கள் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்பையும் நாமே கையால் போட வேண்டும். அதனால் அதை விண்டோஸ் 10-இன் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களுக்கான நீடிப்புத் திட்டத்தில் பதிந்தேன். அமைப்புகளை மைக்ரோசொஃப்ட் கணக்குடன் ஒத்திசைத்தால் கட்டணமில்லை, இல்லாவிட்டால் 30 டொலர். அதன் கெடு 2026 ஒக்டோபர் 13. அதன் பிறகு அந்தக் கணினி லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்குப் போகும். பாமினி அங்கேயும் ஓடும்.

பாவித்த கணினி வாங்க கஸ்தூரியார் வீதிப் பக்கம் போகிறவர்கள், விண்டோஸ் 11 போட்டே தருகிறோம் என்ற பேச்சைக் கேட்டு மட்டும் பணத்தை எடுக்க வேண்டாம். செயலியின் எண்ணைப் பாருங்கள். ஐ5-6500 என்றால் ஆறாம் தலைமுறை, குறுக்கு வழியில் போட்டிருக்கிறார்கள். ஐ5-8400 என்றால் எட்டாம் தலைமுறை, பேரம் பேசலாம்.