என் வங்கி ஆப்பில் இருந்த பூட்டுகள்: எட்டு மாதம் பயன்படுத்திப் பார்த்ததில்

மயிலாடுதுறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கரண்ட் பில் கட்டுவது, பட்டா நகல் எடுப்பது, பான் கார்டுக்கு விண்ணப்பிப்பது, காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்டுக்கு ஸ்பைரல் போடுவது எல்லாம் உண்டு. தெருவில் யாருக்காவது போனில் சந்தேகமான மெசேஜ் வந்தால் "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று என்னிடம்தான் நீட்டுவார்கள். நானும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு "டெலிட் பண்ணிடும்மா" என்று தீர்ப்புச் சொல்வேன். அப்படிப்பட்ட நான்தான் போன வருஷம் ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 43,500 ரூபாயைத் தொலைத்தேன்.

அதற்கப்புறம்தான், ஐந்து வருஷமாகப் போனில் கிடந்த வங்கி ஆப்பை முழுசாகத் திறந்து பார்த்தேன். இது அந்த ஆப்பின் பாதுகாப்பு வசதிகளைப் பற்றிய விமர்சனம். வங்கியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெரும்பாலான வங்கி ஆப்களில் இதே வசதிகள்தான் வேறு வேறு மூலையில் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

பணம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பேப்பர் சப்ளை செய்யும் நண்பரின் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்தது. 'ஆர்டிஓ சலான்' என்று பெயர், வாலில் ஏபிகே, அதாவது தொட்டால் போனில் ஒரு ஆப்பை ஏற்றிவிடுகிற ஃபைல். முந்தின வாரம்தான் ஹெல்மெட் போடாமல் எக்ஸ்எல்லில் சீர்காழி வரைக்கும் போய்விட்டு வந்திருந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. கடையில் ஆதார் நகலுக்கு நாலு பேர் நிற்க, நான் ஒரு கையால் மெஷினையும் இன்னொரு கையால் போனையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஃபைல் ஆபத்தானதாக இருக்கலாம் என்று போனே சொன்னது, தள்ளிவிட்டேன். மெசேஜ்களைப் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தேன். வண்டி உரிமையாளர் நீங்கள்தானா என்று சரிபார்க்க 1 ரூபாய் கட்டச் சொன்னது. ஒரு ரூபாய்தானே? டெபிட் கார்டு நம்பர், காலாவதி மாதம், பின்பக்கத்து மூன்று எண், எல்லாவற்றையும் அடித்தேன். ஓடிபி வரவில்லை. 'சர்வர் பிஸி' என்றது. சரி, சாயங்காலம் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

ஓடிபி வராமல் இல்லை. எனக்குக் காட்டாமல், அந்த ஆப் அதை எடுத்து வேறு எவனுக்கோ அனுப்பிக்கொண்டிருந்தது.

காட்டிக்கொடுத்தது கல்லாப் பக்கத்தில் இருக்கும் சவுண்ட் பாக்ஸ். "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று அது சொன்னதும் பின்னாலேயே போனில் டிங் என்று வங்கி மெசேஜ் ஒன்று வந்து விழும். மூன்று மணி வாக்கில் மனைவி கேட்டாள்: "ஏங்க, பாக்ஸ் கத்திக்கிட்டே இருக்கு, உங்க போன் ஏன் வாயே திறக்கல?" இருப்பைப் பார்த்தேன். ஒரு தடவை 24,500, ஆறு நிமிடம் கழித்து 19,000. இரண்டுமே கார்டு மூலம் ஏதோ ஒரு வாலட்டுக்குப் போயிருந்தன.

போனை ஏரோபிளேன் மோடில் போட்டேன். சிம்மைக் கழற்றி மனைவியின் போனில் மாட்டினேன். இதுமட்டும் அந்தப் பதற்றத்திலும் சரியாகச் செய்த காரியம், ஏனென்றால் புகார் எண் அந்த நம்பருக்குத்தான் மெசேஜாக வரும். அப்புறம் வங்கியின் உதவி எண். ஆங்கிலத்துக்கு 1, இந்திக்கு 2, தமிழுக்கு 6. தமிழை அமுக்கியதும் ஒரு பாட்டு. அதன் பிறகு 'கணக்கு விவரங்களுக்கு 1, கடன் பற்றி அறிய 2...' கார்டை முடக்கும் வழி கடைசியில்தான் வந்தது. ஏழு நிமிடம் போனது. கார்டைத் தொலைத்தவனிடம் வீட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்கிற அந்த மெஷினை வடிவமைத்தவரை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும்.

அதற்கடுத்து 1930, சைபர் மோசடியைப் புகார் செய்யும் உதவி எண். போன் பேசப் போகும்போதெல்லாம் குறுக்கே வந்த சைபர் மோசடி எச்சரிக்கைக் காலர் டியூனை வாய்விட்டுத் திட்டியவன் நான். ஆனால் அந்த நேரத்தில் நம்பர் மனசில் வந்தது அதனால்தான். 2021-ல் இந்தச் சேவை தொடங்கியபோது எண் 155260. நல்லவேளை மாற்றினார்கள், அந்த ஆறு இலக்கம் பதற்றத்தில் யாருக்கு ஞாபகம் வரும்? எடுத்தவர் தமிழிலேயே பேசினார். எந்த வங்கி, கணக்கு எண், எத்தனை மணிக்கு, எவ்வளவு தொகை, பரிவர்த்தனை எண் என்ன என்று வரிசையாகக் கேட்டார். பரிவர்த்தனை எண்ணை ஆப்பிலிருந்து முன்பே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் சிம்மையும் போனையும் மாற்றிக்கொண்டு திணறினேன், அவர் பொறுமையாக இருந்தார். தகவல் போய்ச் சேர்கிற நேரத்தில் பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே நிறுத்தி வைப்பார்கள். அடுத்த கணக்குக்கோ ஏடிஎம்முக்கோ தாண்டிவிட்டால் துரத்திக்கொண்டு போக வேண்டியதுதான். என் 19,000 வாலட்டிலேயே மாட்டிக்கொண்டது. சைபர் கிரைம் காவல் நிலையம், நீதிமன்ற உத்தரவு என்று அலைந்து ஐந்தாவது மாதம் கைக்கு வந்தது. 24,500 போனது போனதுதான்.

வங்கி ஈடு தராதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை விட்டது. எனக்குப் பணம் போன சமயத்தில் அதுதான் விதி. தவறு வங்கிமேலும் இல்லை, நம்மேலும் இல்லை, நடுவில் வேறு எங்கோ என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நமக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் கிடையாது. நாலு முதல் ஏழு வேலை நாள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு நம் தலையில் அதிகபட்சம் 10,000. ஆனால் நாமே விவரத்தைக் கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரைக்கும் போன பணம் நம் கணக்கு. சொன்னதற்கு அப்புறம் போனால் அது வங்கியின் பொறுப்பு. கிளையில் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் "நீங்கதானே சார் நம்பரை அடிச்சீங்க" என்றார். கோபம் வந்தது. ஆனால் சட்டப்படி அவர் சொன்னதில் பிழை இல்லை.

இப்போது ஆப்புக்கு வருகிறேன்.

முதல் வசதி கார்டு சுவிட்ச். இதுவும் ரிசர்வ் வங்கியின் உத்தரவில் வந்ததுதான், 2020 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஏடிஎம், கடையில் தேய்ப்பது, ஆன்லைன், வெளிநாடு, பின் நம்பர் இல்லாமல் மெஷினில் தட்டிக் கட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்ச், தனித்தனி உச்சவரம்பு. என் ஆப்பில் இதைக் கண்டுபிடிக்க 'சேவைகள்', 'கார்டு', 'மேலும்', 'பயன்பாட்டு மேலாண்மை' என்று நாலு கதவு திறக்க வேண்டியிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ஆன்லைன் திறந்து கிடக்கிறது, வரம்பு 75,000. எப்போதோ மகளுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டத் திறந்தது, மூடவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அது மூடியிருந்தால், நான் முட்டாள்தனமாக அடித்த பதினாறு எண்ணும் அவனுக்குப் பயன்பட்டிருக்காது.

எட்டு மாதமாக எல்லாவற்றையும் மூடிவைத்திருக்கிறேன். ஏடிஎம் மட்டும் திறந்திருக்கிறது, நாளுக்கு 10,000. ஆன்லைனில் ஏதாவது கட்ட வேண்டுமென்றால் திறந்து, கட்டி, மூடுகிறேன். சுவிட்ச் உடனே வேலை செய்கிறது. ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. குறை என்னவென்றால், மூட மறந்தால் அது பாட்டுக்குத் திறந்தே கிடக்கும். அரை மணி நேரத்தில் தானாக மூடிக்கொள்ளும்படி வைக்க என்ன கஷ்டம்? அதைவிடப் பெரிய ஓட்டை, வரம்பை உயர்த்தினாலும் அந்த நொடியே அமலுக்கு வருகிறது. ஆப்புக்குள்ளேயே திருடன் நுழைந்துவிட்டால் நான் போட்ட 10,000-த்தை அவனே ஏற்றிக்கொள்ளலாம். குறைப்பது உடனே நடக்கட்டும், உயர்த்துவது மறுநாள் நடக்கட்டும். பீரோ சாவியைப் பீரோ மேலேயே வைத்த மாதிரி இருக்கிறது இது.

தமிழ் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 'லிமிட்' என்ற இடத்தில் ஒரு பக்கம் 'வரம்பு', அடுத்த பக்கம் 'எல்லை'. வெளிநாட்டுப் பயன்பாடு பக்கத்தில் 'எல்லையை அமை' என்று போட்டிருக்கிறார்கள். பார்டர் செக்யூரிட்டி ஆள் எழுதினாரோ என்னவோ.

அடுத்தது, ஆப்பில் இல்லாத பூட்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அதே கிளையில் இன்னொரு சேமிப்புக் கணக்கு திறந்தேன். கார்டு வேண்டாம், நெட் பேங்கிங் வேண்டாம், யுபிஐயில் இணைக்கவும் மாட்டேன் என்றேன். கவுன்டரில் இருந்த பெண், 1990-லிருந்து வந்த மனிதரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ராத்திரி கடை மூடும்போது சவுண்ட் பாக்ஸ் கணக்கில் 5,000 விட்டுவிட்டு மீதியை அதற்கு மாற்றிவிடுகிறேன். அங்கிருந்து எடுக்க வேண்டுமென்றால் பாஸ்புக்கோடு போய்ச் சலான் எழுத வேண்டும். வைப்பு நிதியையும் அந்தப் பக்கமே மாற்றிவிட்டேன். நெட் பேங்கிங் உள்ள கணக்கில் வைப்பு நிதி இருந்தால், உள்ளே வந்தவன் அதையும் ஆன்லைனிலேயே உடைத்துவிடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தொந்தரவு உண்டு. தீபாவளி நேரத்தில் காகிதம் வாங்கப் பணம் எடுக்க முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். அந்த முக்கால் மணி நேரம்தான் பூட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆதாரில் நம் கைரேகை எங்கேயும் செல்லாதபடி முடக்கிவைக்கிற கைரேகைப் பூட்டையும் போட்டுப் பார்த்தேன். கைரேகை வைத்துப் பணம் எடுக்கிற முறையில் ஓடிபி கிடையாது, ஆகவே இது நல்ல விஷயம்தான். நூறு நாள் வேலைக் கூலியை ரேகை வைத்தே வாங்குகிற எதிர்வீட்டுப் பாட்டிக்கும் கேட்டாரே என்று போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் ரேஷன் கடையில் ரேகை விழவில்லை. அரிசிப் பையோடு கடை வாசலில் வந்து நின்று "தம்பி, என் விரலை என்னடா பண்ணினே?" என்றார். திறந்துவிட்டேன். இப்போது அவர் ரேஷனுக்கும் கூலிக்கும் போகிற அன்றைக்குக் காலையில் கடைக்கு வந்து 'விரலைத் திறந்துகொண்டு' போகிறார்.

அழைப்புகள் விஷயத்தில் இப்போது கொஞ்சம் தேவலை. வங்கியிலிருந்து வரும் சேவை அழைப்புகளுக்கு 1600-ல் தொடங்கும் எண் வந்துவிட்டது, வங்கி இணையதளங்களும் பேங்க் டாட் இன் என்று முடிகிற முகவரிக்கு மாறியிருக்கின்றன. பத்து இலக்க மொபைல் நம்பரில் 'வங்கியிலிருந்து பேசுகிறேன்' என்பவரிடம் நான் வணக்கம் சொல்வதோடு சரி.

மதிப்பெண் போடச் சொன்னால் கார்டு சுவிட்சுக்கு ஐந்துக்கு நாலு. ஆப்பின் அமைப்புக்கு இரண்டு, அதுவும் அது உடையாமல் ஓடுவதற்காக. உதவி எண்ணுக்கு ஒன்று. சலான் எழுதும் கணக்குக்கு ஐந்துக்கு ஐந்து, அதற்காக வங்கி ஒன்றும் மெனக்கெடவில்லை என்றாலும்.

வரம்பை உயர்த்தும்போது ஒருநாள் தாமதம் வேண்டும், கார்டு முடக்கும் வழி குரல் பட்டியலில் முதலில் வர வேண்டும் என்று இரண்டு கோரிக்கையை ஆப்பின் கருத்துப் பெட்டியில் எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் மெசேஜ் வந்தது. 'உங்கள் கருத்துக்கு நன்றி. எங்கள் சேவையை மதிப்பிட இந்த லிங்கைத் தொடவும்.'

வங்கி அனுப்பியதாகத்தான் தெரிந்தது. மனைவியிடம் காட்டினேன். "டெலிட் பண்ணிடுங்க" என்றாள்.