ஒயிட் டவுன் பழம்படக் கடை: டோமியே வாங்கலாம், ஃப்ரேம் வேண்டாம்

புதுச்சேரி ஒயிட் டவுனில் பழைய படங்கள் விற்கும் இந்தச் சின்னக் கடையில், 19-ஆம் நூற்றாண்டின் போலி மருத்துவத்தையும் போலி விஞ்ஞானத்தையும் நக்கலடித்த கேலிச்சித்திரங்களுக்கு ஓர் அடுக்கையே ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் 'ஒரிஜினல்' என்று சீட்டு. சீட்டை விட்டுவிட்டுத் தாளைப் பாருங்கள்.

தேறுவது, பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரர் டோமியேயின் படங்கள். 'லெ ஷாரிவாரி' என்ற பாரிஸ் நாளிதழில் வந்த லித்தோகிராஃப்கள் (கல்லில் வரைந்து அச்சிட்டவை). 1853-இல் பாரிஸைப் பிடித்தாட்டிய மேசைப் பித்தைப் பற்றியவை. நாலு பேர் மேசைமேல் கை வைத்தால் மேசை தானாகச் சுழலும் என்று நம்பிய காலம். அதே ஆண்டு லண்டனில் விஞ்ஞானி ஃபாரடே அட்டைகளை அடுக்கிச் சோதித்து, தள்ளுவது அவரவர் கைதான், அவர்களுக்கே தெரியாமல் தள்ளுகிறார்கள் என்று காட்டினார். தாளைத் திருப்பினால் பின்னால் பிரெஞ்சுச் செய்தி அச்சாகியிருக்க வேண்டும். 10 மடங்கு லென்ஸில் கோடுகள் சாக்குக்கட்டியால் இழுத்ததுபோலச் சொரசொரவென்று தெரிய வேண்டும். வரிசையாகப் புள்ளி தெரிந்தால் இக்கால ஆஃப்செட் அச்சு, அதாவது பிரதி. பின்பக்க எழுத்து முன்னால் நிழலாடுவது குறையல்ல, அதுதான் சாட்சி.

ஆங்கிலக் கேலிச்சித்திரக்காரர் கில்ரேயின் கதை வேறு. 1801-இல் அவர் வரைந்த 'உலோகக் கம்பிகள்' படம் இங்கே பளிச்சென்ற வண்ணத்தில் இருக்கிறது. பெர்கின்ஸ் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிய இரண்டு சின்ன உலோகக் கம்பிகள், லண்டனில் 5 கினி விலை. தடவினால் வலி போகும் என்றார்கள். 1799-இல் பாத் நகரில் டாக்டர் ஹேகார்த் மரக்கட்டையில் அதேபோல் செய்து 5 பேருக்குத் தடவினார். 4 பேர் வலி குறைந்தது என்றார்கள்! படம் அருமை, ஆனால் கடையில் இருப்பது பிரதி. செப்புத் தகட்டில் அச்சிட்ட எட்சிங் என்றால், படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். இதில் இல்லை. (19-ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் போன் என்பவர் கில்ரேயின் தகடுகளிலிருந்தே மறு அச்சுப் போட்டார், அவற்றில் பல, தாளின் இருபுறமும் படம் உள்ளவை. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள்.)

தடுப்பூசி போட்டவர்கள் உடம்பில் மாடு முளைக்கும் 1802-ஆம் ஆண்டுப் படத்தையும் இதே அடுக்கில் செருகியிருப்பது அபத்தம். மாட்டம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்த டாக்டர் ஜென்னரின் முறை போலியல்ல. கில்ரே அதைப் பற்றிய பீதியோடு விளையாடினார்.

மண்டை மேடுகளை வைத்துக் குணம் சொன்னவர்களைக் கிழித்த ஆங்கில ஓவியர் குரூக்ஷாங்கின் படங்களும் (1826) உண்டு. பிள்ளைப்பாசத்துக்கான மேட்டுக்கு, குழந்தைப் பட்டாளத்தின் நடுவே ஓர் ஆளை உட்காரவைத்திருப்பார். நல்ல பிரதிகள். பிரதி விலைக்குக் கொடுத்தால் வாங்கலாம்.

ஃப்ரேம்தான் மோசம். சாதா அட்டை மவுண்ட், பின்னால் பிளைவுட், படத்தைப் பிடித்திருப்பது செல்லோ டேப். பிளைவுட்டிலும் அட்டையிலும் உள்ள அமிலம் தாளைப் பழுப்பாக்கும். டேப்பின் பசை ஊறி, எடுக்க முடியாத கறையாகும். கடற்காற்றின் ஈரம் கண்ணாடியோடு ஒட்டிய இடத்தில் பூஞ்சையைக் கொண்டுவரும். அதனால் படத்தை மட்டும் வாங்கி, அமிலமற்ற மவுண்ட் போட்டு, மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய ஜப்பான் டிஷ்யூத் தாளையும் மாவுப்பசையையும் வைத்து இரண்டு இடத்தில் ஒட்டுங்கள். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. மழை அடிக்கும் சுவரில் மாட்ட வேண்டாம். உள்சுவராக இருந்தாலும் ஃப்ரேமின் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிக் காற்றுக்கு வழிவிடுங்கள். ராமபாணப் பூச்சிக்கு மாவுப்பசை பிடிக்கும், ஆறு மாதத்துக்கொரு முறை கழற்றிப் பாருங்கள்.