சார்ஜ் வோல்டேஜ் பார்க்க மல்டிமீட்டரா, லைட்டர் சாக்கெட் மீட்டரா?

கார் பேட்டரியில் சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறதா என்று தெரிந்துகொள்ள, பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கலாம். லைட்டர் சாக்கெட்டில் செருகும் குட்டி வோல்ட் மீட்டரிலும் பார்க்கலாம். இரண்டும் என்னிடம் இருக்கின்றன. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மல்டிமீட்டர் வாங்குங்கள்.

காரணம், பேட்டரியின் உண்மையான நிலை வண்டி சும்மா நிற்கும்போதுதான் தெரியும். ஓடி நின்ற வண்டியைச் சில மணி நேரம் விட்டுவிட்டு அளந்தால், சாதாரண லெட் ஆசிட் பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. பல கார்களில் சாவியைத் திருப்பினால்தான் லைட்டர் சாக்கெட்டுக்கு மின்சாரமே வரும். அப்போது மற்ற கருவிகளும் சேர்ந்து இழுப்பதால் எண் இறங்கிவிடும்.

இன்ஜின் ஓடும்போது டெர்மினலில் 13.8 முதல் 14.5 வரை இருந்தால் பெரும்பாலான கார்களில் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்சியில் மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு ஏற்றும் கருவி) நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்ட பிறகு 13-க்குக் கீழே இறங்கினால் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்டையும் டெர்மினல் இணைப்புகளையும் முதலில் பாருங்கள். 15-ஐத் தாண்டியே நின்றால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்மேல் சந்தேகம் வர வேண்டும். அந்த அளவில் பேட்டரித் தண்ணீர் வற்றத் தொடங்கும். சாக்கெட் மீட்டரோ வயரில் போகும் இழப்பால் 0.2, 0.3 வோல்ட் குறைத்துக் காட்டும். அதில் 13.6 என்று பார்த்துப் பயந்து ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிடாதீர்கள், டெர்மினலில் 13.9 இருக்கலாம்.

சரி, சாக்கெட் மீட்டர் வீணா? இல்லவே இல்லை. இப்போதைய பல கார்களில் ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டர்தான் இயக்குகிறது. பேட்டரி நிரம்பியிருந்தால் வோல்டேஜை 13-க்குக் கீழேகூடக் கொண்டுபோகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் 15-ஐ ஒட்டி ஏற்றும். நின்ற இடத்தில் மல்டிமீட்டர் வைத்து 12.8 பார்ப்பவர், ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிடுவார். ஓட்டிக்கொண்டே பார்த்தால்தான் இந்த ஏற்ற இறக்கம் புரியும். சூடேறிய பிறகு மட்டும் சார்ஜ் விட்டுப்போகும் கோளாறும் அப்படித்தான் மாட்டும்.

டாஷ்போர்டு பேட்டரி விளக்கை நான் இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சார்ஜ் கொஞ்சம் குறைந்தால் பெரும்பாலும் அது எரியாது.