லக்ஸ் மட்டும் போதாது: சிஐஇயின் இலவச எக்செல் கருவி

வெளிச்சத்துக்கும் தூக்கத்துக்குமான தொடர்பை ஆராய்கிறவர்கள் சிஐஇ, அதாவது சர்வதேச ஒளியூட்டல் ஆணையம், தரும் இந்தக் கருவியைக் கட்டாயம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2018இல் வந்த சிஐஇ எஸ் 026 தரநிலைக்கான கருவி. விளக்கின் நிறமாலை எண்களை (எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்ற அளவுகளை) ஒட்டினால், கண்ணின் ஐந்து வகை ஒளியுணர் செல்களுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுத் தருகிறது. லக்ஸ் என்பது கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தின் அளவு. பழைய குண்டு பல்பின் 100 லக்ஸ், மெலனோப்பிக் கணக்கில், அதாவது உடல் கடிகாரத்துக்குச் சேதி சொல்லும் செல்களுக்கான கணக்கில், பகல் வெளிச்சத்தின் சுமார் 50 லக்ஸுக்குத்தான் சமம். முதல் தடவை பார்த்தபோது அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெறும் லக்ஸை எழுதிவிட்டு, மீட்டரை மேஜையில் படுக்க வைத்தார்களா, கண் உயரத்தில் பிடித்தார்களா என்றுகூடச் சொல்லாத ஆய்வுக் கட்டுரையை வைத்துக்கொண்டு அந்தச் சோதனையை யார் திரும்பச் செய்ய முடியும்?

குறை என்றால், நிறமாலைமானி கையில் இருக்க வேண்டும், அப்புறம் புதியவர்களுக்கு அந்த அட்டவணைகள் கொஞ்சம் மிரட்டும். ஒளி ஆய்வுகளை எழுதுவதற்கென்று 2023இல் வந்த என்லைட் (ENLIGHT) சரிபார்ப்புப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எதை எழுத வேண்டும் என்பது விட்டுப்போகாது.